மணமும் நாற்றமும்: நுண்ணுயிர்கள் விடும் மூச்சு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்துள்ளனர். பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் காற்றில் விடும் பொருள்கள் பிற உயிர்களிடத்தில் என்ன செய்கின்றன என்பதையே நாம் எடுத்துக்கொண்டோம். கண்ணுக்குத் தெரியாத உயிர், கண்ணுக்குத் தெரியாத ஆவி, இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கு இதில் நிரம்ப இருக்கிறது. இந்த ஆவிதான் முதல் மழையில் நம் வயல் மண்ணுக்கு மணம் தருகிறது. இந்த ஆவிதான் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கப்பட்ட நம் உடன்பிறப்புகளின் உயிரைப் பறிக்கிறது. இந்த ஆவியின் வாடையை நம்மீது சுமத்தித்தான் தலைமுறை தலைமுறையாக நம்மை ஒதுக்கினார்கள். ஆகவே இதன் உண்மையை அறிவது நம் உரிமை. அறிந்ததைப் பிறர்க்குச் சொல்வது நம் கடமை.

ஆவியாகும் பொருள்

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் சில நாளில் கரைந்து மறைகிறது. அது எங்கே போயிற்று? காற்றோடு கலந்துவிட்டது. மல்லிகையைப் பார்க்காமலே அது அறையில் இருப்பதை உணர்கிறோம். மலரிலிருந்து பிரிந்த நுண்ணிய துகள்கள் நம் மூக்கைத் தொடுகின்றன. இவ்வாறு சாதாரண வெப்பத்திலேயே காற்றில் கலந்து பரவும் பொருள்களை ஆவியாகும் சேர்மங்கள் என்கிறோம்.

பாக்டீரியாக்களும் இத்தகைய சேர்மங்களை வெளியிடுகின்றன. அவற்றுக்கு வாய் இல்லை, கண் இல்லை, கால் இல்லை. உண்டதை மாற்றி வெளியே விடும் பொருளே அவற்றின் பேச்சாகவும் கருவியாகவும் அமைகிறது. நுண்ணுயிர்கள் விடும் ஆவிச் சேர்மங்களில் 2,000 அளவில் இதுவரை பட்டியலிடப்பட்டுள்ளன. இவை நம் வீட்டுக்குப் புதியவை அல்ல. வெண்ணெய்க்கும் மோருக்கும் உள்ள மணத்தில் பெரும்பங்கு டையசெட்டைல் என்னும் சேர்மத்தால் வருவது. அதைத் தருவது பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா. இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு விடியற்காலையில் பொங்கி நிற்பதும் பாக்டீரியா விட்ட வாயுவால்தான். நம் அடுக்களையில் நாள்தோறும் நடக்கும் இவ்வேலையே மண்ணிலும் சாக்கடையிலும் வேறு வேறு விதமாக நடக்கிறது.

மண்ணின் மணம்

கோடையில் வெடித்துக் கிடந்த நிலத்தில் முதல் மழைத்துளி விழுந்ததும் எழும் மணத்தை அறியாதார் யார்? அந்த மணத்திற்கு முதற்காரணம் ஜியோஸ்மின் என்னும் சேர்மம். 1965-ஆம் ஆண்டில் நான்சி கெர்பர், ஹியூபர்ட் லெச்சவாலியே என்னும் இருவர் இதைத் தனியே பிரித்தெடுத்துப் பெயரிட்டனர். கிரேக்க மொழியில் அப்பெயருக்கு மண்வாசம் என்பதே பொருள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண் பாக்டீரியாக்கள் இதை மிகுதியாக உண்டாக்குகின்றன. தண்ணீரின் ஒரு லட்சம் கோடிப் பங்கில் பத்துப் பங்கு இருந்தாலும் மனித மூக்கு இதைக் கண்டுகொள்ளும்.

இந்த மணத்தை அந்தப் பாக்டீரியா யாருக்காக வெளியிடுகிறது? 2020-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை தந்தது. மண்ணில் துள்ளித் திரியும் ஆறுகால் சிற்றுயிர்கள் இம்மணத்தை நாடி வருகின்றன. பாக்டீரியாவைத் தின்கின்றன. அதன் விதை போன்ற வித்துகளைத் தம் உடலிலும் குடலிலும் ஏந்திச் சென்று வேறிடங்களில் பரப்புகின்றன. மலர் தன் மணத்தால் வண்டை அழைப்பது போலவே, கால் இல்லாத பாக்டீரியா தன் மணத்தால் சுமந்து செல்ல ஆளை அழைக்கிறது.

இந்த இனத்தைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரைசியஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்துதான் 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கிடைத்தது. காசநோயை எதிர்த்து வென்ற முதல் மருந்து அது. நெருக்கமான குடியிருப்புகளிலும் ஆலைகளிலும் எத்தனையோ குடும்பங்களைக் காசநோய் அழித்த காலத்தை நம் மூத்தவர்கள் அறிவார்கள். காலில் ஒட்டிய மண் இழிவானது என்று எண்ணியோர்க்கும் அந்த மண்ணிலிருந்தே உயிர் மருந்து வந்தது.

தடுப்பைக் கடந்த காற்று

அடுத்து நம் ஊர் வாழைத் தோட்டத்திற்கு வருவோம். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவும் அதைச் சூழ்ந்த ஆற்றுப் பாசன ஊர்களும் வாழைக்குப் பெயர் பெற்றவை. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-இல் திருச்சிராப்பள்ளியிலேயே அமைந்ததற்கும் இவ்வட்டாரத்தின் வாழை வளமே பொருத்தம். இந்த வாழைக்குப் பெரும் பகை வாடல் நோய். ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை வேர் வழியே நுழைந்து தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். இலை மஞ்சளித்து, காம்பு ஒடிந்து தொங்கும். ரஸ்தாளியும் கற்பூரவள்ளியும் இதற்கு எளிதில் இரையாகும். ஒருமுறை மண்ணில் புகுந்த பூஞ்சை பல ஆண்டுகள் அங்கேயே தங்கும். குத்தகைக்குப் பயிரிடுவோரும் அன்றாடக் கூலிக்கு வாழை வெட்டுவோரும் நம்மிடையே பலர் என்பதால், இது நம் வயிற்றோடு தொடர்புடைய நோய்.

இந்தப் பூஞ்சையின் வளர்ச்சியைப் பாக்டீரியா விடும் ஆவியால் தடுக்க முடியும் என்பதைச் சீன நாட்டின் நான்ஜிங் நகர ஆய்வாளர்கள் 2012-இல் ஆய்வகத்தில் காட்டினர். வாழைத் தோட்ட மண்ணில் வாழும் பேசில்லஸ் இனப் பாக்டீரியா ஒன்றின் ஆவி, பூஞ்சையைத் தொடாமலே அதன் வளர்ச்சியையும் வித்து முளைப்பதையும் அடக்கியது. சூடோமோனாஸ் என்னும் மற்றோர் இனம் ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய ஆவியைச் சிறிதளவு உண்டாக்குகிறது. புகையிலையின் வேரழுகல் பூஞ்சையை அடக்குவதில் அந்த ஆவிக்குப் பங்குண்டு என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1989-இல் கண்டனர். கிலோ நெல் விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைக்குமாறு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறதே, அது இந்த இனம்தான். பூஞ்சையை அடக்க அதற்குப் பல கருவிகள் உண்டு. ஆவியும் அவற்றுள் ஒன்று.

இவற்றினும் வியப்பான சோதனை 2003-இல் அமெரிக்காவில் நடந்தது. சூங்-மின் ரியூ, ஜோசப் குளோப்பர் முதலியோர் ஒரு வட்டத் தட்டை எடுத்துக்கொண்டனர். அதன் நடுவே சுவர் போன்ற தடுப்பு. ஒரு பக்கம் பாக்டீரியா, மறு பக்கம் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. நீரோ மண்ணோ ஒருபுறமிருந்து மறுபுறம் செல்ல முடியாது. இரண்டுக்கும் பொதுவானது மேலே உள்ள காற்று மட்டுமே. ஆயினும் பாக்டீரியாவுக்கு அயலில் இருந்த செடிகள் மற்றச் செடிகளைவிடச் செழித்து வளர்ந்தன. தடுப்பைக் கடந்து சென்று செடியை வளர்த்தது பியூட்டேன்டையால் போன்ற ஆவிச் சேர்மங்கள் என்று கண்டனர். அடுத்த ஆண்டில், அதே ஆவி செடிக்கு நோய் எதிர்ப்பு ஆற்றலையும் ஊட்டுகிறது என்று நிறுவினர்.

இச்சோதனையைப் படிக்கும்போது நம் ஊர் மரபு ஒன்று நினைவுக்கு வருகிறது. உறையூர்ப் பாணர் குடியைச் சேர்ந்த திருப்பாணாழ்வார், திருவரங்கத் தீவில் கால் வைக்கத் தமக்கு உரிமை இல்லை என்று காவிரியின் தென்கரையிலேயே நின்று பாடினார் என்பர். அங்கும் நடுவில் ஒரு தடுப்பு. அங்கும் அதைக் கடந்தது காற்று ஒன்றே. மனிதர் இட்ட தடுப்புகளைக் காற்று அறியாது. இதை நினைவில் கொண்டு, இனி நம் உரையின் வேதனையான பகுதிக்குச் செல்வோம்.

குழிக்குள் நடப்பது என்ன?

நாம் உயிர்வாழக் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறோம். காற்றே புகாத சேற்றிலும் கழிவிலும் வாழும் பாக்டீரியாக்கள் என்ன செய்யும்? அவற்றுள் ஒரு கூட்டம் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கழிவுநீரில் கரைந்துள்ள சல்பேட்டைப் பயன்படுத்துகிறது. அக்கூட்டம் மூச்சாக வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டையின் வாடை கொண்ட வாயு இதுவே. இவ்வகைப் பாக்டீரியாவை 1895-ஆம் ஆண்டிலேயே டச்சு அறிஞர் பைஜரிங்க் கண்டுபிடித்துவிட்டார். இவற்றோடு சேர்ந்து, ஆர்க்கியா என்னும் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. அதே மீத்தேன் சாண எரிவாயுக் கலனில் அடுப்பை எரிக்கிறது. மூடிய குழியில் அதே மீத்தேன் ஆக்சிஜனை விரட்டுகிறது. காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை அது கலந்திருக்கும்போது ஒரு தீப்பொறி பட்டாலும் வெடிக்கும்.

வெப்பம் கூடக் கூட இந்தப் பாக்டீரியாக்களின் வேலையும் விரைவாகும். கழிவுநீர் ஓடாமல் தேங்கினாலும் வாயு பெருகும். கோடையில் கொதிக்கும் திருச்சி போன்ற ஊரில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே சமதளமாகக் கிடக்கும் திருவரங்கம் போன்ற இடத்தில், மூடிக்கிடக்கும் குழிக்குள் என்ன சேர்ந்திருக்கும் என்பதை இப்போது நீங்களே கணக்கிடலாம்.

ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு கனமானது. ஆகவே குழியின் அடியில் தங்குகிறது. மேலே நின்று மூக்கை நீட்டிப் பார்ப்பவருக்கு அடியில் உள்ளது தெரியாது. இன்னொன்றும் உண்டு. வாயுவின் பெரும்பகுதி சேற்றிலும் நீரிலும் கரைந்து அடங்கியிருக்கும். மண்வெட்டியாலோ கழியாலோ சேற்றைக் கிளறும் நொடியில், சோடாப் புட்டியைத் திறந்ததும் நுரை எழுவது போல, அது ஒரே வீச்சில் வெளியேறும். இறங்கும்போது ஆபத்தில்லாத குழி, வேலை தொடங்கியதும் எமன் வாயாக மாறுவது இதனால்தான்.

மூக்கை நம்பலாகாது

இளைஞர்களே, இப்போது சொல்வதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றின் ஒரு கோடிப் பங்கில் ஒரு பங்கு இருந்தால் மூக்கு அதை உணரும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆனால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். வாடை குறைந்துவிட்டது என்று எண்ணுவோம். உண்மையில் நஞ்சு ஆயிரம் மடங்கு கூடியிருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டினால் ஓரிரு மூச்சில் மனிதன் சாய்ந்துவிடுவான். கத்தவும் நேரம் இராது.

உடலுக்குள் அது செய்வது இதுதான். நாம் இழுத்த ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் நொதி ஒன்று நம் உயிரணுக்களில் இருக்கிறது. இந்த வாயு அந்த நொதியைப் பற்றிக்கொண்டு முடக்குகிறது. நுரையீரலில் காற்று இருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜனும் இருக்கும். ஆனால் அதைப் பயன்படுத்த உயிரணுவால் இயலாது. மூளையில் மூச்சை இயக்கும் பகுதி முதலில் நின்றுபோகும்.

ஆகவே சில பழைய வழக்கங்களை இன்றோடு விட்டொழிக்க வேண்டும். தீக்குச்சியையோ விளக்கையோ குழிக்குள் இறக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. சுடர் அணையாமல் எரியும் காற்றிலும் ஆளைக் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு இருக்க முடியும். மீத்தேன் இருந்தாலோ குழியே வெடிக்கும். முகத்தில் துண்டு கட்டுவதாலும் பயன் இல்லை. வாயு துணியின் இழைகளுக்கிடையே தடையின்றி நுழையும். வாடையைத் தாங்க மது அருந்தி இறங்குவது, இருக்கும் ஒரே எச்சரிக்கையையும் தானே அணைப்பது.

எல்லாவற்றினும் கொடியது இரண்டாவது சாவு. உள்ளே ஒருவர் விழுகிறார். மேலே நிற்பவர் அண்ணனாகவோ மைத்துனனாகவோ ஒரே தெருக்காரனாகவோ இருப்பார். பதறி இறங்குகிறார். அவரும் விழுகிறார். மூன்றாமவர் இறங்குகிறார். ஒரே குழியில் இருவர், மூவர் மாண்ட செய்திகள் நம் நாட்டில் மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே காரணம். பாசம் உள்ளவன்தான் இறங்குகிறான். ஆனால் அந்த நேரத்தில் பாசம் செய்ய வேண்டியது, இறங்காமல் நின்று பிறரையும் இறங்க விடாமல் தடுத்து, 101-க்கும் 108-க்கும் உடனே சொல்வது. முதுகில் காற்றுக்கலன் சுமந்து அதிலிருந்தே மூச்சு விடும் தீயணைப்பு வீரர் அன்றி வேறெவரும் அந்தக் குழிக்குள் போய் உயிரோடு ஒருவரை மீட்பது அரிது.

குழாய்க்கு உள்ள கணக்கு

"விஷவாயு தாக்கி இருவர் பலி" என்று செய்தித்தாளில் படிக்கிறோம். வாயு எங்கிருந்தோ வந்து தாக்கியது போல அந்தச் சொற்றொடர் அமைகிறது. மின்னல் தாக்குவது போல, பாம்பு தீண்டுவது போல. இது உண்மையா?

1945-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பார்க்கர் என்னும் அறிஞர் ஒன்றைக் கண்டார். கழிவுநீர்க் குழாய்களின் மேல்வளைவு அரித்துக் கரைந்துகொண்டிருந்தது. கீழே ஒரு பாக்டீரியா விட்ட ஹைட்ரஜன் சல்பைடை, மேலே ஈரச் சுவரில் ஒட்டி வாழும் மற்றொரு பாக்டீரியா உண்டு கந்தக அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலமே கான்கிரீட்டைத் தின்கிறது. அன்று முதல் உலகெங்கும் பொறியாளர்கள் இந்த வாயுவைக் கணக்கில் கொள்கிறார்கள். எவ்வளவு வெப்பம், எவ்வளவு சரிவு, எத்தனை ஆண்டில் குழாய் எவ்வளவு அரிக்கும் என்று சூத்திரங்கள் வகுத்திருக்கிறார்கள். குழாயைக் காக்கப் பூச்சுகள் உண்டு.

குழாய்க்கு இத்தனை கணக்கு இருக்கிறது. குழாய்க்குள் இறக்கப்படும் மனிதனுக்குக் கணக்கு இல்லை. எண்பது ஆண்டுகளாகப் பொறியாளர் அறிந்த ஒன்றை, 1895 முதல் அறிவியல் அறிந்த ஒன்றை, எதிர்பாராத விபத்து என்று எப்படிச் சொல்வது? வாயுவுக்கு மனம் இல்லை. அது தன் இயல்பின்படி இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்தும் ஒரு மனிதனை வெறும் உடம்போடு உள்ளே அனுப்பியவரிடத்திலேயே குற்றம் இருக்கிறது.

நாற்றம் யாருடையது?

தமிழில் நாற்றம் என்ற சொல்லுக்குப் பழம்பொருள் நறுமணம். திருவரங்கத்தோடு இணைத்துப் போற்றப்படும் ஆண்டாளின் பாசுரத்திலும் நாறுதல் என்பது மணத்தலையே குறிக்கிறது. காலப்போக்கில் அச்சொல் கீழிறங்கித் தீய வாடையைக் குறிக்கலாயிற்று. சொல்லுக்கு நேர்ந்தது போலவே, ஊரைத் தூய்மை செய்யும் மக்களுக்கும் நேர்ந்தது. அழுக்கை உண்டாக்கியவர் தூயவர் ஆனார். அதை அகற்றியவர்மீது அந்த வாடை ஒட்டவைக்கப்பட்டது.

அறிவியல் இதற்கு என்ன சொல்கிறது? கழிவின் நாற்றம், ஊரார் அனைவரும் உண்டு கழித்ததன்மேல் பாக்டீரியா செய்யும் வேலையின் விளைவு. அந்த ஆவியில் உயர்ந்த வீட்டுக் கழிவு, தாழ்ந்த வீட்டுக் கழிவு என்று பிரித்தறிய எந்தக் கருவியும் இல்லை. மனித வியர்வைக்கும் சுரக்கும்போது வாடை ஏறக்குறைய இல்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உண்டு ஆவிச் சேர்மங்களாக மாற்றும்போதே வாடை பிறக்கிறது. அந்தப் பாக்டீரியாக்கள் எல்லா மனிதர் தோலிலும் உண்டு. 1996-இல் டச்சு ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டனர். மலேரியா பரப்பும் ஆப்பிரிக்கக் கொசு, மனிதர் பாதத்தின் வாடையை நாடுவது போலவே ஒருவகைப் பாலாடைக் கட்டியையும் நாடுகிறது. இரண்டிலும் வாடை தருவது ஒரே இனப் பாக்டீரியா. மனிதர் பாதத்தில் உயர்வு தாழ்வு கொசுவுக்குத் தெரியவில்லை. தெரிந்ததாக எண்ணுபவன் மனிதன் ஒருவனே.

நம் திருச்சி 2016-ஆம் ஆண்டில் நாடளாவிய தூய்மைக் கணக்கெடுப்பில் 73 நகரங்களுள் மூன்றாம் இடம் பெற்றது. அதற்கு முந்தைய தரவரிசையில் இரண்டாம் இடம். 1994-இல் திருவரங்கமும் பொன்மலையும் இணைந்து மாநகராட்சியான நகரம் இது. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கானோர் வந்து செல்கின்றனர். அவர்கள் சென்ற மறுநாள் விடியுமுன் வீதிகளைத் துலக்குவோர் யார் என்பதை எல்லோரும் அறிவர். நகரம் பெற்ற பெருமையில் அவர்களுக்குரிய பங்கை நகரம் தந்ததா என்பதை இந்த அவையின் சிந்தனைக்கே விட்டுவிடுகிறோம்.

சட்டமும் நாமும்

மனிதக் கழிவை மனிதரே அகற்றும் முறையைத் தடை செய்த சட்டம் 1993-இல் வந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக்கியது. உரிய பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடுகளும் இன்றிச் சாக்கடைக்குள்ளோ மலக்குழிக்குள்ளோ ஒருவரை இறக்குவது இச்சட்டப்படி குற்றம். முதல்முறை செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை தண்டம். தனியார் வீட்டு மலக்குழிக்கும் இது பொருந்தும்.

2014 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம், 1993 முதல் சாக்கடைப் பணியில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் கண்டறிந்து 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20 அன்று அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனம் அடைந்தோர்க்குக் குறைந்தது 20 லட்சம் என்றும் வகுத்தது. 1993 முதலான சாக்கடைச் சாவுகளைத் தொகுத்து நாடாளுமன்றத்தில் அளித்த பட்டியல்களில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை இருநூறைக் கடந்து மாநிலங்களுள் முதலிடத்தில் நின்றது. இம்முதலிடம் நமக்குப் பெருமை தருவதன்று. அப்பட்டியலில் உள்ளோரில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தெருக்களில் பிறந்தவர்கள் என்று இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை.

இயந்திரம் இல்லையா என்றால், இருக்கிறது. உறிஞ்சி எடுக்கும் வண்டிகள் உள்ளன. அண்டை மாநிலமான கேரளத்தில் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய இயந்திர மனிதன் 2018-இல் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சேற்றை அள்ளியது. காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு, மீத்தேன் எவ்வளவு, ஹைட்ரஜன் சல்பைடு எவ்வளவு என்று காட்டும் கையடக்கக் கருவிகளும் கடையில் கிடைக்கின்றன. ஆகவே கருவி இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. கூலிக்கு ஓர் ஆள் மலிவாகக் கிடைக்கிறான் என்பதே உண்மையான காரணம். அவனை மலிவாக்கியது அவன் வறுமையும், அவனுக்கு மறுக்கப்பட்ட கல்வியுமே.

கழகத்தின் இளைஞர்களுக்கு

கல்வி இதில் என்ன செய்யும்? மூன்று வேலைகளை இந்த வெள்ளி விழா ஆண்டில் மேற்கொள்ளலாம் என்று கருதுகிறோம்.

முதலாவது, இன்று கேட்ட செய்தியை வீடுதோறும் கொண்டு செல்வது. வாடை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று பொருள் அன்று; சேற்றைக் கிளறினால் வாயு எழும்; விழுந்தவரைத் தூக்க ஒருவரும் இறங்கக் கூடாது. இம்மூன்றையும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் தன் பேரனுக்குச் சொல்லும் நிலை வரவேண்டும்.

இரண்டாவது, 1993 முதல் நம் பகுதிகளில் இவ்வாறு இறந்தோரின் குடும்பங்களைத் தேடிக் கண்டறிவது. உரிய தொகை கிடைத்ததா என்று கேட்டு, கிடைக்காதவர்க்கு மாவட்ட ஆட்சியரிடம் மனு எழுதித் தருவது. படித்த கைக்கு இதைவிடச் சிறந்த பணி வேறில்லை. மனு எழுதத் தெரியாமையாலேயே நின்றுபோன உரிமைகள் எத்தனை எத்தனை!

மூன்றாவது, நம் பிள்ளைகளை இந்த அறிவியலுக்குள் அனுப்புவது. நுண்ணுயிரியல், வேதியியல், நகரச் சுகாதாரப் பொறியியல் ஆகிய துறைகளில் நம் குழந்தைகள் அமர வேண்டும். திருச்சியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, பல்கலைக்கழகமும் உண்டு, வாழை ஆராய்ச்சி மையமும் நம் அருகிலேயே இருக்கிறது. வாழையின் வாடலை அடக்கும் ஆவியைத் தேடும் ஆய்வாளராக ஒரு பெண் நம் தெருவிலிருந்து வரவேண்டும். சாக்கடைக் குழாயின் சரிவைக் கணக்கிடும் பொறியாளராக ஒருவன் வரவேண்டும். குழாயின் ஆயுளைக் கணக்கிடும்போதே தொழிலாளியின் ஆயுளையும் கணக்கில் சேர்ப்பவன் அவனாகத்தான் இருப்பான். ஏனெனில் குழிக்குள் மாண்டவர் யார் என்பதை அவன் வீட்டில் கேட்டு வளர்ந்திருப்பான்.

அதே வேளையில் ஒன்றை மறவாதிருப்போம். கழிவு அகற்றும் தொழிலில் இன்றும் உழைப்போர் நம் மரியாதைக்குரியவர்கள். படித்து வெளியேறியவர்கள் அவர்களைக் கண்டு முகம் சுளித்தால், நம்மை ஒதுக்கியவர்களின் மூக்கைத்தான் நாமும் இரவல் வாங்கினோம் என்று ஆகும். தொழிலாளிக்கு வேண்டியது கருவி, ஊதியம், நிரந்தரப் பணி, அவர் பிள்ளைக்குப் பள்ளி. இவற்றைக் கேட்டுப் பெறுவதில் நாம் அவர்களோடு நிற்க வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டு உழைத்த மூத்தவர்களுக்கு நம் வணக்கம். அடுத்த இருபத்தைந்தாம் ஆண்டில் இக்கழகம் பொன்விழாக் கொண்டாடும்போது, சாக்கடைக்குள் ஒரு மனிதனும் இறங்காத திருச்சியைப் பற்றி அன்றைய பேச்சாளர் பழங்கதையாகச் சொல்லட்டும். அதற்கான வேலையை நாளையே தொடங்குவோம்.